அட்டைக்கு ஒரு பூ, சுவருக்கு ஒரு காடு

பெருந்துறை,
ஐப்பசி மாதம்

அன்புள்ள கண்ணுக்கு,

உன் கடிதம் வந்தது. இந்தப் பொங்கலுக்குக் கடையில் வாங்காமல் உன் கையாலேயே வாழ்த்து அட்டை வரைந்து எல்லோருக்கும் அனுப்பப் போகிறாயாம். கூடத்துச் சுவருக்குப் பெரிய படம் ஒன்று வேண்டும் என்று உன் அப்பாவும் கேட்டிருக்கிறாராம். "பறவையும் காட்டுப் பூவும்தான் வரையப் போகிறேன் பெரியம்மா, எங்கே தொடங்கட்டும்?" என்று கேட்டிருக்கிறாய். மழை பெய்து வேலியும் வரப்பும் பூத்துக் கிடக்கிற நேரம் இது. நல்ல சமயத்தில்தான் கேட்டாய்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அட்டையைப் பெரிதாக்கினால் பெரிய படம் வந்துவிடும் என்று நினைக்காதே. அட்டை ஒரே ஒருவர் கைக்குப் போய்ச் சேர்வது. அவர் உறையைப் பிரிக்கிறார், பார்க்கிறார், உன்னை நினைத்துக்கொள்கிறார். அதற்கு ஒரு பூவோ ஒரு பறவையோ போதும். சுவரில் மாட்டும் படத்தோடு வீட்டில் உள்ளவர்கள் வருஷக்கணக்கில் வாழப் போகிறார்கள். அந்தப் பறவை எங்கே இரை தேடுகிறது, அதன் காலடியில் என்ன முளைக்கிறது, அது எந்தப் பருவம் என்பதெல்லாம் அதற்குள் வரவேண்டும். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். நீ நேரில் பார்த்துக் குறித்துவைக்கும் நோட்டு. அது இல்லாமல் வண்ணப்பெட்டியைத் திறக்காதே.

கோடு போடாத நோட்டு ஒன்றும் 2பி பென்சில் ஒன்றும் வாங்கிக்கொள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுப் பக்கத்துக் காலி மனைக்கோ குளத்தங்கரைக்கோ போ. ஒரே ஒரு செடியின் முன்னால் உட்கார். ஆவாரையிலிருந்தே தொடங்கலாம், சாலையோரம் எங்கும் இருக்கிறது. தூரத்திலிருந்து வெறும் மஞ்சள் கொத்தாகத் தெரியும். கிட்டப் போய்ப் பார். இதழ் ஐந்து. ஓரம் லேசாகச் சுருங்கி இருக்கும். விரிந்து நேரமான பூவில் இதழ் நெடுக ஆரஞ்சும் பழுப்பும் கலந்த நரம்புகள் ஓடும். நடுவில் இருக்கும் மகரந்தக் காம்புகள் எல்லாம் ஒரே நீளம் கிடையாது. கீழே உள்ளவை நீண்டு வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மேலே உள்ளவை குட்டை. இந்த ஏற்றத்தாழ்வை வரைந்துவிட்டால் போதும், பார்ப்பவர் பெயர் கேட்காமலே ஆவாரம்பூ என்பார். ஐந்து இதழையும் நடுவில் வட்டமாகப் புள்ளியையும் வைத்தால் அது எந்தப் பூவாகவும் இருக்கலாம்.

ஒவ்வொரு செடிக்கும் நோட்டில் ஒரு பக்கம் கொடு. நடுவில் கிளையை முழுதாக வரை. ஓரத்தில் ஒரு பூவை மட்டும் பெரிதாக வரை, அதன் கீழே மொட்டு, காய், இலை காம்போடு சேரும் இடம். இந்த முறை நம் பக்கத்துக்குப் புதிதில்லை. ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் கோயம்புத்தூரில் பருத்திச் சோதனைகளைக் கவனித்துக்கொண்டிருந்தவர். 1838 முதல் 1853 வரை சென்னையில் அவர் வெளியிட்ட தென்னிந்தியத் தாவர நூல் வரிசையில் 2,000-க்கும் மேற்பட்ட படங்கள் உண்டு. அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள். கிளை உயிரோடு நிற்கும், அதன் கீழே பூவின் உறுப்புகள் தனித்தனியாகப் பிரித்துப் பெரிதாக வரையப்பட்டிருக்கும். அந்த உழைப்பை மதித்து வைட் ஓர் ஆர்க்கிட் இனத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைத்தார். பூவைப் பிரித்துப் பார்த்தவன் கைதான் அதை முழுதாகவும் வரையும் என்பதை அந்தப் படங்களைப் பார்த்தால் தெரிந்துகொள்வாய். நீயும் கீழே உதிர்ந்த பூ ஒன்றை எடுத்து நகத்தால் பிரித்துப் பார். செடியைப் பிடுங்காதே. செங்காந்தள் வேலியில் படர்ந்திருந்தால் நின்ற இடத்திலேயே வரை, கிழங்கைத் தோண்டாதே. அது கடுமையான நஞ்சு. அந்தப் பூவின் ஆறு இதழும் பின்னோக்கி நெளிந்து மடங்குவதையும், சூல்தண்டு பக்கவாட்டில் சட்டென்று மடங்கி நீட்டிக்கொண்டிருப்பதையும், இலை நுனி சுருண்டு பக்கத்துக் கொம்பைப் பிடித்துக்கொள்வதையும் கவனி. இந்த மூன்றும் சரியாக வந்தால் காந்தள் வந்துவிடும்.

பறவை இப்படி உட்கார்ந்து காத்திருக்காது. அதனால் பறவைக்கு ஒரு பக்கத்தில் ஒரு படம் என்று நினைக்காதே, பத்துப் பதினைந்து கிறுக்கல் போடு. முதலில் உடம்பு எந்தச் சாய்வில் இருக்கிறது என்று ஒரே கோடு. அதன்மேல் கோழிமுட்டை போல் உடல், சின்ன வட்டமாகத் தலை. அது நகர்ந்துவிட்டால் அடுத்த கிறுக்கலைத் தொடங்கு, திரும்ப அதே நிலைக்கு வரும்போது முந்தியதைத் தொடர். மூன்று இடங்களில் கவனமாக இரு.

முதலாவது கண். அலகு பிளக்கும் கோட்டைப் பின்னால் நீட்டிப் பார்த்தால் பெரும்பாலான பறவைகளுக்குக் கண் அதற்குச் சற்று மேலே இருக்கும். புதிதாக வரைபவர்கள் கண்ணை நெற்றிக்கு ஏற்றிவிடுவார்கள், பறவை பொம்மை ஆகிவிடும். இரண்டாவது கால். பின்னோக்கி மடங்குவதாக நமக்குத் தெரிவது முழங்கால் இல்லை, கணுக்கால். உண்மையான முழங்கால் வயிற்று இறகுக்குள் மறைந்திருக்கிறது. கால்விரல் உடம்பின் எடைக்கு நேர் கீழே கிளையைப் பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் பறவை விழுந்துவிடும் போலிருக்கும். தவிட்டுக்குருவிக்கு மூன்று விரல் முன்னால், ஒன்று பின்னால். கிளிக்கும் மரங்கொத்திக்கும் செம்போத்துக்கும் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. மூன்றாவது சிறகு. மடக்கிய சிறகில் தோள்பக்கம் சின்னச் சின்ன இறகுகள், அடுத்து நடுத்தர வரிசைகள், கடைசியில் நீண்ட இறகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு இறகையும் வரையாதே. இந்தக் கூட்டங்களின் எல்லையை மட்டும் சரியாகப் போடு.

ரொம்பத் தூரம் போகவேண்டாம். சிறகின் அடுக்கு உனக்குப் பழகக் கொண்டலாத்தி ஒன்று போதும். மண்ணில் நீண்ட அலகைச் செருகிப் புழு தேடிக்கொண்டே நடக்கும், ஆளைக் கண்டதும் பறந்துவிடாது. மேலுடல் மங்கலான செம்மண் நிறம், சிறகில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள். அதன் கொண்டை எந்நேரமும் விசிறியாக விரிந்திருப்பதாகப் படங்களில் காட்டுகிறார்கள். நீ பார்க்கும்போது பெரும்பாலும் அது மடங்கிப் பின்னந்தலையிலிருந்து கூராக நீட்டிக்கொண்டிருக்கும். வந்து இறங்கும்போதும் திடுக்கிடும்போதும்தான் விரியும். நீ எதைப் பார்த்தாயோ அதை வரை.

இணையத்தில் கிடைக்கும் புகைப்படத்தைப் பார்த்து அப்படியே வரையாதே. அது இன்னொருவரின் உழைப்பு. கேமரா ஒரு கண்ணிமை நேரத்தைத்தான் பிடிக்கிறது, அந்தப் பறவையின் வழக்கமான இருப்பு அதில் இல்லாமலும் போகலாம். புள்ளி எத்தனை, அலகின் அடி என்ன நிறம் என்று சந்தேகம் தீர்க்கப் புகைப்படத்தை வைத்துக்கொள். உடலின் சாய்வு உன் நோட்டிலிருந்து வரட்டும்.

நீ சென்னைக்குப் போகும்போது ஜார்ஜ் கோட்டைப் பக்கம் இவரை நினைத்துக்கொள் என்று ஒருவரைச் சொல்கிறேன். எலிசபெத் குவில்லிம். 1801-ல் கணவர் சென்னை உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதியாக வந்தபோது கூடவே வந்தவர். 1807-ல் இங்கேயே இறந்துபோனார். இந்தச் சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பறவைகளை நீர்வண்ணத்தில் வரைந்தார், பலவற்றை அவற்றின் உண்மையான அளவிலேயே. இன்று அந்தப் படங்கள் கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. பறவையைக் கொன்று பாடம் செய்து வைத்துக்கொண்டு வரைவது பரவலாக இருந்த காலத்தில், பறவை பிடிப்பவர்கள் உயிரோடு கொண்டுவந்தவற்றைப் பார்த்து அவர் வரைந்தார். கால் செதிலும் இறகின் அடுக்கும் அவ்வளவு துல்லியமாக அமைந்ததற்கு அதுவே காரணம். நமக்கு அந்த வழியும் வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கிளியைக்கூடக் கூண்டில் வைத்திருக்கக் கூடாது. கூட்டுக்குக் கிட்டப் போவதும் வேண்டாம். தாய்ப்பறவை விலகிப் போனால் குஞ்சுகளின் கதி என்ன? தூரத்தில் நின்று பார், பொறுமையாகப் பார்.

இனி சாமான்கள். காகிதத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதே. சார்ட் பேப்பர் தண்ணீர் பட்டதும் சுருண்டுவிடும். 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள நீர்வண்ணக் காகிதம் வாங்கு, பருத்தியில் செய்தது கிடைத்தால் இன்னும் நல்லது. முனை கூர்மையாகச் சேரும் வட்டப் பிரஷ் 2, 6, 10 எண்களில் மூன்று. வண்ணம் ஆறு ஏழு போதும்: எலுமிச்சை மஞ்சள், கேம்போஜ் மஞ்சள், வெர்மிலியன், கிரிம்சன், அல்ட்ராமரின் நீலம், பிரஷ்யன் நீலம், பர்ன்ட் சியன்னா. பச்சையையும் கறுப்பையும் தனியாக வாங்காதே. நம் செடிகளின் பச்சை ஒன்றுக்கொன்று வேறு. மஞ்சளில் நீலத்தைக் கூட்டிக் குறைத்து நீயே கலந்துகொள். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் இளஞ்சாம்பலிலிருந்து காக்கைக் கறுப்பு வரை எல்லாம் கிடைக்கும். ஆவாரம்பூவின் நிழலுக்குக் கறுப்பைத் தொட்டால் மஞ்சள் பாசிப் பச்சையாகிவிடும். அங்கே பர்ன்ட் சியன்னாவை மெல்லிசாகச் சேர்.

அட்டைக்கு வருவோம். யாருக்கு அனுப்புகிறாய் என்று முதலில் முடிவு செய், பிறகுதான் எந்தப் பூ என்பது. நம் பாட்டிக்கு என்றால் வேறு யோசனையே வேண்டாம். போகியன்று வாசலில் காப்புக் கட்டும் ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் ஒரு கொத்தாக வரை. பொங்கலுக்கு நம் ஊரில் பூக்கடைக்குப் போகாமல் காட்டிலிருந்தே வரும் பூ அவை. அட்டையைப் பிரித்ததும் பாட்டிக்கு வேறெதுவும் சொல்லவேண்டியதில்லை. வெளிநாட்டில் இருக்கும் மாமாவுக்கு அவர் வயல் வரப்பில் மிதித்து நடந்த தும்பை. உன் தோழிக்கு உங்கள் பள்ளிக்கூட மரத்தில் நீங்கள் இருவரும் பார்த்த குருவி. பத்துப் பேருக்கு ஒரே படத்தை அனுப்பினால் அச்சடித்த அட்டைக்கும் உன் அட்டைக்கும் என்ன வேற்றுமை?

ஏ5 அளவுத் தாளை நடுவில் மடித்தால் 10.5க்கு 14.8 செ.மீ. அட்டை கிடைக்கும், சி6 உறைக்குள் சரியாக நுழையும். கனத்த காகிதத்தை அப்படியே மடித்தால் மடிப்பில் வெடிக்கும். முதலில் தாளை இருபக்கமும் லேசாக வளைத்துப் பார். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அந்த வாக்கில் மடிப்பு வரட்டும். எழுதித் தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவின் முனையால் ஸ்கேலை வைத்து அழுத்தி ஒரு கோடு இழு, பிறகு மடி. வரையும்போது தாளை விரித்தே வைத்திரு.

அட்டையில் மூன்றில் ஒரு பங்காவது வெறும் வெள்ளையாக இருக்கட்டும். ஒரு கிளை ஓரத்திலிருந்து உள்ளே நீளட்டும், நட்டநடுவில் நிறுத்தாதே. பென்சில் கோடு மெல்லிசாக இருக்கவேண்டும். முதல் பூச்சு வெளிர் நிறம். நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டாவது, அதுவும் காய்ந்த பிறகு நுனிப் பிரஷில் நரம்பும் நிழலும். மூன்று பூச்சோடு நிறுத்து. அதற்குமேல் போனால் சின்னப் படம் அழுக்காகிவிடும்.

வெள்ளைப் பூவை வெள்ளைத் தாளில் எப்படி வரைவது என்று கேட்பாய். தும்பையும் பூளையும் வரையும்போது இந்தக் கேள்வி வரும். வெள்ளை வண்ணத்தைத் தேடாதே. பூவைத் தொடாமல் அதன் பின்னால் இருக்கும் இலையை அடர்ந்த பச்சையில் போடு, பூ தானாக வெளியே வரும். தும்பையின் கீழ் உதடு மடியும் இடத்தில் தண்ணீராகக் கரைத்த நீலச்சாம்பல் ஒரு துளி. பூளையின் பஞ்சு போன்ற கதிருக்கு, விளிம்பு ஈரமாக இருக்கும்போதே பச்சையை ஒட்டி நிறுத்து. விளிம்பு கசிந்து பஞ்சின் மென்மை வந்துவிடும்.

பறவையின் நிறத்துக்கும் இதே பொறுமை வேண்டும். மீன்கொத்தியின் முதுகில் மின்னும் நீலம் சாயத்தால் வருவது கிடையாது. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி சிதறி நீலமாகத் திரும்புகிறது. அதனால்தான் வெயில் மாறினால் அதுவும் மாறுகிறது. ஒரே நீலத்தை அப்பிவிட்டால் சுவரில் பூசிய பெயின்ட் போல் செத்துக் கிடக்கும். பிரஷ்யன் நீலத்தை மிக மெல்லிசாகப் பூசிக் காயவிடு. இரண்டாவது பூச்சில் அங்கங்கே கீழே உள்ளது தெரியும்படி கீற்றுகளை விட்டுவிடு. நிழலுக்கு அல்ட்ராமரின். பக்கத்தில் இருக்கும் தலையின் பழுப்பைச் சூடாகப் போட்டால் நீலம் இன்னும் எடுப்பாகத் தெரியும். கிளியின் பச்சையிலும் ஒரு செய்தி இருக்கிறது. இறகில் இருக்கும் சாயம் மஞ்சள், அதோடு ஒளிச்சிதறலின் நீலம் சேர்ந்துதான் பச்சையாகத் தெரிகிறது. நீயும் அப்படியே செய். மஞ்சளைப் பூசிக் காயவிட்டு, மேலே மெல்லிய நீலம். கண்ணில் ஒளி விழும் புள்ளியைத் தாளின் வெள்ளையாகவே விட்டுவிடு. வெளிச்சம் வரும் பக்கத்தில் அது இருக்கட்டும்.

அட்டை முடிந்ததும் பின்பக்கம் பென்சிலில் பூவின் பெயர், பார்த்த இடம், நாள், உன் பெயர். படத்தின்மேல் ஒரு பட்டர் பேப்பரை வைத்து உறையில் போடு, மார்கழிப் பனியில் ஈரம் பட்டாலும் வண்ணம் கசியாது.

இப்போது அப்பாவுக்கான பெரிய படம். 38க்கு 56 செ.மீ. தாளில் தொடங்கு, ஒரு மனிதர் நின்று பார்க்கப் போதுமான அளவு அது. ஊதாத் தேன்சிட்டு பத்து செ.மீ. நீளம்தான். பெரிய தாள் கிடைத்தது என்பதற்காக அதைக் காக்கை அளவுக்கு ஊதிவிடாதே. சிட்டு சிட்டாகவே இருக்கட்டும். மிச்ச இடத்தை அது தேன் குடிக்கும் புல்லுருவிப் பூக்களும், அந்தப் புல்லுருவி பற்றியிருக்கும் மரக்கிளையும் நிரப்பட்டும். நேர்மாறான சிக்கலும் உண்டு. ஆடுபான் என்ற அமெரிக்க ஓவியர் 1827 முதல் 1838 வரை வெளியிட்ட பறவை நூலில் எல்லாப் பறவையும் உண்மையான அளவில் இருக்கவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். ஒரு மீட்டர் உயரத் தாளிலும் பூநாரை அடங்கவில்லை. கழுத்தைத் தரையை நோக்கி வளைத்து, இரை தேடுவதுபோல் வரைந்தார். தாளுக்குப் பறவையை அடக்கவும் வேண்டும், பறவையின் இயல்பும் கெடக்கூடாது. அவர் இரண்டையும் ஒரே வளைவில் சாதித்துவிட்டார்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். உன் பெரிய படத்துக்குக் கொண்டலாத்தியை எடுத்துக்கொள். அது நடக்கும் செம்மண் தரையில்தான் விஷ்ணுகிராந்தி படர்ந்து நீலப் பொட்டுகளாகப் பூத்திருக்கும், பக்கத்தில் நெருஞ்சி மஞ்சள். பறவையின் நிறமும் மண்ணின் நிறமும் ஒன்று, பூக்கள்தான் வேறு. பார்க்கும் இடத்தைத் தாழ்த்து. நீ குப்புறப் படுத்துப் பார்த்தால் தரை எப்படித் தெரியுமோ அப்படி. 1503-ல் ஜெர்மனியில் டியூரர் இதைத்தான் செய்தார். புல்லும் களையும் முளைத்த ஒரு மண்கட்டியைத் தரைமட்டத்திலிருந்து பார்த்து நீர்வண்ணத்தில் வரைந்தார். அரசனும் தேவதையும் கிடையாது, யாரும் குனிந்துகூடப் பார்க்காத புல். ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் வியன்னாவில் அதைப் போற்றிப் பாதுகாக்கிறார்கள். நம் நெருஞ்சிக்கும் அந்த மரியாதையைக் கொடு.

வேலைக்கு முன் தீப்பெட்டி அளவில் நாலைந்து கட்டம் போட்டு, வெளிர், நடுத்தரம், அடர்த்தி என்று மூன்று நிறச் செறிவுகளை மட்டும் வைத்து அமைப்பைத் தீர்மானி. அந்த அளவிலேயே நன்றாக இல்லாத அமைப்பு பெரிதானாலும் நன்றாக இருக்காது. தாளைத் தண்ணீரில் நனைத்துப் பலகையில் விரித்து, தண்ணீர் தொட்டு ஒட்டும் பழுப்பு டேப்பால் நாலு பக்கமும் ஒட்டிக் காயவிடு. பெரிய பூச்சு போட்டாலும் தாள் அலையலையாக எழாது. தூரத்து மண்ணையும் புல்லையும் ஈரத்திலேயே கசியவிடு. பக்கத்தில் வர வர விளிம்பு தெளியட்டும். மிகக் கூர்மையான விளிம்பு பறவையின் தலையிலும் கண்ணிலும் மட்டும். படம் முழுவதும் ஒரே நுணுக்கமாக இருந்தால் பார்ப்பவருக்கு எங்கே நிற்பது என்று தெரியாது.

சுவரில் மாட்டுவதற்கு இன்னொரு கவனம். சில சிவப்புகள், முக்கியமாகப் பழைய வகை அலிசரின் கிரிம்சன், வெளிச்சத்தில் வெளுத்துவிடும். உறைக்குள் போகும் அட்டைக்கு அது பெரிய கவலை இல்லை. இந்தப் படத்துக்கு வெளிச்சம் தாங்கும் என்று குழாயில் குறிப்பிட்டிருக்கும் வண்ணத்தையே எடு. சட்டம் போடும்போது கண்ணாடி தாளைத் தொடாமல் நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல், தொட்டால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். ஜன்னல் வெயில் நேராக விழும் சுவர் வேண்டாம்.

அவசரப்படாதே. கார்த்திகை முழுவதும் நோட்டு, மார்கழியில் அட்டைகள், தை பிறந்த பிறகு பெரிய படம். நோட்டு நிறைய நிறைய அட்டை சுலபமாகும். அட்டைகளில் ஒவ்வொரு பூவாகக் கை பழகிவிட்டால் பெரிய படத்தில் அவை தம் இடத்தைத் தாமே பிடித்துக்கொள்ளும். அடுத்த கடிதத்தோடு முடித்த படம் எதையும் எனக்கு அனுப்பவேண்டாம். நோட்டின் முதல் நாலு பக்கத்தை அனுப்பு. ஆவாரையின் மகரந்தக் காம்புகள் சரியாக இருக்கின்றனவா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அப்பாவையும் அம்மாவையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பெரியம்மா